இணையக் கடை மதிப்புரைகளை எடைபோட்டுப் படிக்கும் முறை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்கு இணையக் கடை ஒன்றில் மிக்ஸி வாங்கினோம். பெட்டியைப் பிரித்ததும் உத்தரவாத அட்டைக்கும் முன்னதாகக் கையில் கிடைத்தது, பளபளப்பான தாளில் அச்சிட்ட ஒரு சிறு சீட்டு. ஐந்து நட்சத்திரம் கொடுத்து, இரண்டு வரி எழுதி, படமும் சேர்த்துப் பதிவிட்டு, அதன் ஸ்கிரீன்ஷாட்டைக் கீழே உள்ள வாட்ஸ்ஆப் எண்ணுக்கு அனுப்பினால் நூறு ரூபாய் யுபிஐ வழியாக வந்து சேரும் என்று அதில் இருந்தது. மிக்ஸியின் பிளக்கை அப்போது நாங்கள் சுவரில் செருகியிருக்கக்கூட இல்லை. நான் படித்து நம்பிய மதிப்புரைகளில் எத்தனை, இப்படிப் பெட்டி பிரித்த கையோடு நூறு ரூபாய்க்காக எழுதப்பட்டிருக்கும் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. நான்காம் மாதம் இட்லிக்கு உளுந்து அரைக்கும்போது கருகல் வாடை எழும்பி, ஜாரைத் தாங்கும் கப்ளர் தேய்ந்து உருண்டபோது, அதே பொருளின் பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் புதியவை முதலில் வருமாறு வரிசைப்படுத்திப் பார்த்தேன். கப்ளர் தேய்வதைப் பற்றி ஏழெட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். அவற்றில் பாதி, நாங்கள் வாங்குவதற்கு முன்பே எழுதப்பட்டவை. உண்மை அந்தப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது, நான்தான் அதைத் தேடிப் படிக்கவில்லை.

ஆகவே மதிப்புரைகள் எல்லாமே பொய் என்று சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கம் அன்று. ரிவ்யூ என்று நாம் பேச்சில் சொல்லும் மதிப்புரை ஒரு சாட்சியம். நீதிமன்றத்தில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞர் முதலில் இரண்டு கேள்விகளைக் கேட்பார்: சொல்வதை அறிந்துகொள்ளும் வாய்ப்பு சாட்சிக்கு இருந்ததா, சொல்வதனால் அவருக்கு ஏதேனும் ஆதாயம் உண்டா. ஒவ்வொரு மதிப்புரையின் மீதும் இவ்விரண்டையும் வைத்துப் பார்த்தால், பக்கத்தில் உள்ளவற்றில் பெரும்பகுதி தானாக உதிர்ந்துவிடும். மிஞ்சும் பத்துப் பன்னிரண்டு மதிப்புரைகளே நீங்கள் படிக்க வேண்டியவை.

நட்சத்திரச் சராசரியை முதலில் கணக்காகப் பாருங்கள்

சராசரி எண்ணைத் தனியாகப் பார்க்காமல், எத்தனை பேர் மதிப்பிட்டதன் சராசரி அது என்பதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரு பொருளுக்கு உண்மையான வாங்குபவர்கள் 20 பேர் மதிப்பிட்டு, சராசரி 3.5 என்று இருப்பதாகக் கொள்வோம். இதை 4.4 ஆக உயர்த்த, விற்பவர் விலைகொடுத்து வாங்க வேண்டிய ஐந்து நட்சத்திரங்கள் 30 மட்டுமே. சீட்டு ஒன்றுக்கு நூறு ரூபாய் என்றால் மூவாயிரம் ரூபாயில் வேலை முடிந்துவிடும். அதே 3.5 சராசரி 4,000 பேரின் மதிப்பீடாக இருந்தால், 4.4 ஐத் தொட 6,000 ஐந்து நட்சத்திரங்கள் தேவைப்படும். செலவு ஆறு லட்சம் ரூபாய். எனவே 4.6 சராசரியும் 38 மதிப்பீடுகளும் கொண்ட பொருளைவிட, 4.2 சராசரியும் 6,400 மதிப்பீடுகளும் கொண்ட பொருளின் எண் உறுதியான தரையில் நிற்கிறது. புதிதாகச் சந்தைக்கு வந்த நல்ல பொருளுக்கும் மதிப்பீடுகள் குறைவாகத்தான் இருக்கும் என்பது உண்மையே. அதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை, அதன் சராசரிக்கு மட்டும் மதிப்புக் கொடுக்க வேண்டாம்.

விற்பவர்கள் இந்த எண்ணை எவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்கிறார்கள் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு நல்ல சான்று. விலைகொடுத்து வாங்கிய போலி மதிப்புரைகளை எதிர்த்து அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் முதன்முதலாக நடவடிக்கை எடுத்தது 2019 பிப்ரவரியில். கியூர் என்கேப்சுலேஷன்ஸ் என்ற நிறுவனம், கொடம்புளி இனத்தைச் சேர்ந்த கார்சீனியா கம்போஜியாவைக் கொண்ட உடல் எடைக் குறைப்பு மாத்திரைகளை அமேசானில் விற்றது. அதற்கு மதிப்புரைகள் எழுதித்தர ஓர் இணையதளத்துக்கு 1,000 டாலர் கொடுத்தது என்பதும், விற்பனை நடக்க வேண்டுமானால் சராசரி 4.3 இருக்க வேண்டும் என்று உரிமையாளர் அந்தத் தளத்தாரிடம் சொன்னார் என்பதும் ஆணையத்தின் குற்றச்சாட்டு. வாங்கும் நாமும், நான்கு நட்சத்திரத்துக்கு மேல் உள்ளவற்றை மட்டும் காட்டச் சொல்லி வடிகட்டியை அழுத்திவிட்டுத்தான் தேடத் தொடங்குகிறோம். நம்முடைய அந்தப் பழக்கத்தைக் குறிவைத்தே அவர்களுடைய கணக்கு நடக்கிறது.

சராசரிக்குக் கீழே ஐந்து முதல் ஒன்று வரை பட்டைகளாகக் காட்டப்படும் பகிர்வைப் பார்ப்பது அடுத்த வேலை. மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் கொதித்தவரும்தான் எழுத முன்வருகிறார்கள் என்பதால், ஐந்திலும் ஒன்றிலும் பட்டை நீண்டு, நடுவில் குட்டையாக இருப்பது இயல்பு. அதைக் கண்டதும் ஐயப்பட வேண்டாம். ஒன்றாம் நட்சத்திரப் பட்டை எவ்வளவு நீளம் என்பதை, அதே வகையைச் சேர்ந்த வேறு இரண்டு பொருள்களின் பட்டையோடு ஒப்பிடுங்கள். மற்ற மிக்ஸிகளில் நூற்றுக்கு ஆறு, ஏழு பேர் ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்க, ஒன்றில் மட்டும் பதினைந்து பேர் கொடுத்திருந்தால், அதன் சராசரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் காரணத்தைத் தேடிப் படிக்காமல் வாங்கக் கூடாது. அமேசான் காட்டும் நட்சத்திர எண் எளிய கூட்டல் வகுத்தல் சராசரி அன்று என்பதையும், மதிப்புரை எவ்வளவு புதியது, எழுதியவர் வாங்கியது உறுதியானதா என்பன போன்றவற்றுக்கு ஏற்ப எடை மாற்றிக் கணக்கிடுவதாக அந்நிறுவனமே கூறுகிறது என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம்.

வாங்கியவர் என்ற முத்திரை எதை உறுதி செய்கிறது

அமேசானில் 'வெரிஃபைட் பர்ச்சேஸ்' என்றும், ஃபிளிப்கார்ட்டில் 'சர்டிஃபைட் பையர்' என்றும் மதிப்புரையோடு ஒரு குறிப்பு இருக்கும். அந்தக் கணக்கிலிருந்து அந்தப் பொருள் அந்தத் தளத்தில் வாங்கப்பட்டது என்பதைத் தவிர வேறெதையும் அது உறுதி செய்வதில்லை. வாங்கியவரின் பணம் அவரிடமே திரும்பி வந்துவிட்டதா என்பது அந்த முத்திரைக்குத் தெரியாது. டெலிகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்ஆப்பிலும் இதற்கென்றே குழுக்கள் உள்ளன. உறுப்பினர் தம் பணத்தில் பொருளை வாங்கி, ஐந்து நட்சத்திர மதிப்புரை எழுதி, அது தளத்தில் வெளியான படத்தைக் காட்டினால், முழு விலையையும் விற்பவரின் ஆள் திருப்பி அனுப்பிவிடுவார். பொருள் உறுப்பினருக்கு இலவசம். இத்தகைய 10,000 க்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் குழுக்களின் நிர்வாகிகள் மீது 2022 ஜூலையில் அமேசான் வழக்குத் தொடுத்தது. இதற்கு ஓராண்டு முன்பு, மதிப்புரை விதிகளைத் திரும்பத் திரும்ப மீறியதற்காகச் சுமார் 600 சீன வணிகப் பெயர்களைத் தன் தளத்திலிருந்தே நீக்கியிருந்தது. அவற்றில் ஆக்கி, எம்பவ் போன்று ஹெட்போனுக்கும் சார்ஜருக்கும் பெயர்பெற்றவையும் அடக்கம். பொருள் ஓரளவு நன்றாக இருந்தும் மதிப்புரையை விலைக்கு வாங்குகிறவர்கள் உண்டு என்பதால், போலி மதிப்புரை இருக்கும் பொருள் கட்டாயம் மட்டமானது என்ற முடிவுக்கும் தாவக்கூடாது.

முத்திரையைப் பெறுவதற்கு இன்னொரு விசித்திர வழியும் இருக்கிறது. யாரோ ஒருவருடைய பெயரையும் முகவரியையும் எடுத்து, அவர் கேட்காமலே ஒரு மலிவான பொருளை அவருக்கு அனுப்பிவைத்துவிட்டு, அந்த விற்பனையைக் கொண்டு முத்திரையுள்ள மதிப்புரையை விற்பவரே எழுதிக்கொள்வார். ஆங்கிலத்தில் இதை 'பிரஷிங்' என்கிறார்கள். 2020 கோடையில் அமெரிக்க வீடுகள் பலவற்றுக்குச் சீனாவிலிருந்து கேட்காத விதைப் பொட்டலங்கள் வந்து அந்நாட்டு வேளாண் துறையையே பதற வைத்தபோது, இதுவே காரணமாக இருக்கலாம் என்று அத்துறை கருதியது. நீங்கள் ஆர்டர் செய்யாத சிறு பார்சல் ஏதேனும் உங்கள் பெயருக்கு வந்தால், பயப்படாமல், தளத்துக்குத் தெரிவித்துவிட்டு உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். அதில் ஸ்கேன் செய்யச் சொல்லி கியூஆர் குறியீடு இருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

முத்திரை இல்லாத மதிப்புரைகளை அடியோடு ஒதுக்கிவிடலாம். முத்திரை உள்ளவற்றை நம்புவதற்கு இன்னும் சில சோதனைகள் மிச்சமிருக்கின்றன என்பதே இதன் பொருள்.

எழுதிய நாளைப் பாருங்கள்

என் அனுபவத்தில் மிகுந்த பயன் தரும் சோதனை இதுதான். பொருள் கைக்கு வந்த அன்றே எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்கக்கூடியவை சில உண்டு: நிறம் படத்தில் இருப்பதுபோல் இருக்கிறதா, அளவு சரியா, பெட்டி நசுங்காமல் வந்ததா, பிளாஸ்டிக் வாடை அடிக்கிறதா. சேலையின் நிறத்தைப் பற்றி முதல் நாள் சாட்சியம் போதும். அதன் சாயம் போகுமா என்பதைச் சொல்ல முதல் சலவை முடிந்திருக்க வேண்டும். மிக்ஸியின் சத்தத்தை முதல் நாளே சொல்லலாம். மோட்டாரின் ஆயுளைச் சொல்ல ஓராண்டு வேண்டும். குக்கரின் கேஸ்கட்டுக்கு ஆறு மாதம், கிரைண்டரின் கல்லுக்கும் பெல்ட்டுக்கும் இரண்டு ஆண்டு, கைப்பேசியின் பேட்டரிக்கு இரண்டு கோடைக்காலம். ஆனால் முதல் வாரத்தில் எழுதப்பட்ட மதிப்புரைகள்தான் பக்கத்தை நிரப்பியிருக்கும், ஏனெனில் எழுதச் சொல்லித் தளம் நினைவூட்டுவதும் அந்த வாரத்தில்தான். 'நீடித்து உழைக்கும்' என்று மூன்றாம் நாள் எழுதுகிறவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறார், அவ்வளவுதான். நேர்மையான மனிதர்களின் நேர்மையான மதிப்புரைகளும் நம்மை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான்.

இதைத் துல்லியமாகக் காட்டும் பொருள், 399 ரூபாய்க்கு 2 டெராபைட் என்று விற்கப்படும் பென்டிரைவ். இதன் உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிபி நினைவகம். கணினியிடம் 2 டெராபைட் என்று பொய் சொல்லுமாறு அதன் கட்டுப்பாட்டுச் சில்லு மாற்றப்பட்டிருக்கும். வாங்கியவர் செருகிப் பார்க்கிறார், திரையில் 2 டெராபைட் என்று தெரிகிறது, நாலைந்து திருமணப் படங்களை ஏற்றிப் பார்க்கிறார், திறக்கிறது, மகிழ்ந்துபோய் ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறார். உண்மையான கொள்ளளவு நிரம்பிய பிறகு ஏற்றும் கோப்புகள் பழையவற்றின் மேல் எழுதப்பட்டோ எங்கும் சேராமலோ போவது பல மாதங்களுக்குப் பிறகே தெரியும். அதற்குள் திருப்பித்தரும் காலமும் முடிந்திருக்கும். இத்தகைய பொருளின் பக்கத்தில் நூறு பேர் மெச்சியிருந்தாலும், கொள்ளளவை முழுவதும் நிரப்பிச் சோதித்த ஒருவரின் ஒற்றை நட்சத்திர மதிப்புரையே கணக்கு. விண்டோஸில் எச்2டெஸ்ட்வி, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச நிரல்கள் இந்தச் சோதனையைச் செய்கின்றன. வாங்கிய அன்றே ஓட்டிப் பார்த்துவிடலாம்.

எனவே பக்கத்தைத் திறந்ததும், தளம் தானாக மேலே வைத்திருக்கும் மதிப்புரைகளை விட்டுவிட்டு, 'மிகச் சமீபத்தியவை' என்ற வரிசைக்கு மாற்றுங்கள். இதில் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பழைய நல்ல பெயரை வைத்துக்கொண்டு பொருளின் தரம் பிற்பாடு குறைக்கப்பட்டிருக்கிறதா என்பது. ஈராண்டுக்கு முன் புகழ்ச்சியும் கடந்த மூன்று மாதங்களில் புகாருமாக இருந்தால், நீங்கள் வாங்கப்போவது இந்த மூன்று மாதத்துச் சரக்கு என்பதை மறக்க வேண்டாம். இரண்டாவது, ஒரே வாரத்தில் முப்பது புகழ்ச்சிகள் குவிந்து அதன் முன்னும் பின்னும் வெறுமையாக இருக்கிறதா என்பது. தீபாவளிக்கு முந்தைய பெருந்தள்ளுபடி விற்பனையை ஒட்டி எல்லாப் பொருளுக்கும் மதிப்புரைகள் குவியத்தான் செய்யும்; அதைச் சதி என்று எண்ணிவிடக் கூடாது. எந்தப் பண்டிகையும் இல்லாத ஒரு வாரத்தில் குவிந்திருந்தால் மட்டுமே அது கேள்விக்குரியது.

'ஆறு மாதம் கழித்துச் சேர்க்கிறேன்' என்று பழைய மதிப்புரையின் கீழ் கூட்டி எழுதியிருப்பவரைக் கண்டால் அவருடைய ஒவ்வொரு சொல்லையும் படியுங்கள். காசுக்கு எழுதுகிறவர் திரும்பி வருவதில்லை.

எவற்றைப் படிப்பது, எப்படிப் படிப்பது

மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களிலிருந்து தொடங்குவது நல்லது. விற்பவருக்கு அது பயனற்ற எண்; போட்டியாளருக்கும் பயனற்றது; ஆகவே அதை விலைகொடுத்து வாங்குவார் இல்லை. மூன்று கொடுப்பவர் பெரும்பாலும் நல்லதையும் குறையையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர். அதன் பிறகு இரண்டு, ஒன்று என்று இறங்குங்கள். ஒரு நட்சத்திர மதிப்புரைகளைப் படிக்கும்போது, புகார் பொருளின் மீதா, விற்பவரின் மீதா, கூரியரின் மீதா என்று மனத்துக்குள் மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நான்கு நாள் தாமதமாக வந்தது என்பதற்கும் கிரைண்டருக்கும் தொடர்பில்லை. பெட்டியில் பழைய பொருள் இருந்தது, கடை முத்திரை உடைந்திருந்தது என்பவை விற்பவரைப் பற்றியவை. ஒரே பக்கத்தில் பல விற்பனையாளர்கள் ஒரே பொருளை விற்பதால், உங்களுக்கு அனுப்பப்போகிறவர் யார் என்று விலைக்கு அருகில் போட்டிருக்கும் பெயரைத் தொட்டு, அவருக்குரிய தனி மதிப்பீட்டையும் பாருங்கள். பொருளைப் பற்றிய புகாராக மிஞ்சுபவற்றில், ஒரே உறுப்பு மூன்று நான்கு பேரால் குறிப்பிடப்படுகிறதா என்று தேடுங்கள். எங்கள் மிக்ஸிக்குக் கப்ளர் இருந்ததுபோல், ஒவ்வொரு மட்டமான பொருளுக்கும் முதலில் உடையும் ஓர் உறுப்பு உண்டு. அதன் பெயரைத் தேடல் கட்டத்தில் இட்டுப் பார்த்தால் நிலவரம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஃபிளிப்கார்ட்டில் எழுதியவரின் ஊர்ப்பெயரும் காட்டப்படுவது தண்ணீரோடு தொடர்புடைய பொருள்களுக்குப் பேருதவி. வாட்டர் ஹீட்டர், துணி துவைக்கும் இயந்திரம், ஆர்ஓ சுத்திகரிப்பான் ஆகியவற்றின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தண்ணீரின் உப்பு. சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டுக்காரர் ஹீட்டரைப் புகழ்ந்திருப்பதை வைத்து, ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை நம்பியிருக்கும் சென்னைப் புறநகர்க்காரர் முடிவெடுக்க முடியாது. உங்கள் தண்ணீரைப் போன்ற தண்ணீர் உள்ள ஊர்க்காரர்களைத் தேடிப் படியுங்கள். சர்வீஸ் ஆள் வருவதைப் பற்றிய புகார்களும் இப்படியே ஊர் சார்ந்தவை; பெருநகரத்தில் மறுநாள் வருகிற ஆள், சிறு ஊருக்கு மூன்று வாரம் ஆகியும் வராமல் இருப்பது புதிதன்று.

படங்களை அழகுக்காகப் பார்க்காமல் விவரத்துக்காகப் பாருங்கள். அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் அளவு எவ்வளவு, பிளக் சாதாரணமானதா அல்லது பெரிய 16 ஆம்பியர் வகையா, பெட்டியின் மேல் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையும் தயாரித்த மாதமும் என்ன என்பன விற்பவர் போடும் படங்களில் இருப்பதில்லை, வாங்கியவர் எடுத்த படங்களில் இருக்கும். மாறாக, வெள்ளைப் பின்னணியில் ஸ்டூடியோ வெளிச்சத்தோடு 'வாங்கியவர்' எடுத்த படங்கள் அடுத்தடுத்து வந்தால் அவர் எங்கே நின்று எடுத்தார் என்று யோசிக்கலாம்.

மொழிநடையை வைத்துப் போலியைக் கண்டுபிடிக்கும் பழைய அறிவுரைகளை நான் இப்போது அதிகம் நம்புவதில்லை. பிழை மலிந்த ஆங்கிலம், மிகைப் புகழ்ச்சி, நிறுவனப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது ஆகியவை ஒரு காலத்தில் தடயங்களாக இருந்தன. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எல்லோர் கைக்கும் வந்த பிறகு, எந்த நடையிலும் ஐம்பது மதிப்புரைகளை ஐந்து நிமிடத்தில் எழுதிவிடலாம். 'சூப்பர்', 'நைஸ் புராடக்ட்', 'செம' என்று ஒற்றைச் சொல்லோடு முடிப்பதும் நம் ஊரில் உண்மையான மனிதர்களின் வழக்கமே; அது போலி என்பதற்கு அடையாளம் அன்று, அதில் தகவல் இல்லை என்பதே குறை. நடையை விட்டுவிட்டு விவரத்தைத் தேடுங்கள். 'சட்னி ஜாரில் கால் மூடி தேங்காய்க்கு மேல் போட்டால் மூடி வழியாகக் கசிகிறது' என்று எழுத, ஒருவர் ஒருமுறையாவது சமையல் மேடையைத் துடைத்திருக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகிறவர்கள் இத்தகைய விவரங்களைச் சரளமாகத் தருவதைக் கவனித்திருக்கிறேன். படிக்கச் சற்றுச் சிரமமாக இருந்தாலும் அவற்றைத் தாண்டிச் செல்ல வேண்டாம்.

பக்கத்தின் மேலே தளமே தரும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம், கீழே உள்ள மதிப்புரைகளைப் பிழிந்தது. கீழே கலப்படம் இருந்தால் மேலேயும் இருக்கும். போலிகளைக் கண்டுபிடித்துத் தரச்சான்று வழங்கும் வெளிக் கருவிகளும் நிலையானவை அல்ல. அவற்றில் பெயர்பெற்றிருந்த ஃபேக்ஸ்பாட்டை மொசில்லா 2023 இல் வாங்கி, 2025 ஜூலை 1 அன்று மூடிவிட்டது.

வேறொரு பொருளின் மதிப்புரையாக இருக்கலாம்

பலர் கவனிக்காத இடம் இது. நிறம், அளவு ஆகியவற்றில் மட்டும் வேறுபடும் வகைகளை ஒரே பக்கத்தில் சேர்த்து, மதிப்புரைகளையும் பொதுவாக்கத் தளங்கள் இடமளிக்கின்றன. இந்த வசதியைப் பயன்படுத்தி, நன்றாக விற்ற பழைய பொருளோடு சம்பந்தமில்லாத புதிய பொருளைச் சேர்த்துவிட்டால், பழையதன் ஆயிரம் மதிப்புரைகளும் புதியதற்குப் பிறவிச் சொத்தாகக் கிடைத்துவிடும். விட்டமின் மாத்திரைகள் விற்கும் பவுண்டிஃபுல் என்ற அமெரிக்க நிறுவனம் அமேசானில் இப்படிச் செய்ததற்காக 2023 பிப்ரவரியில் அந்நாட்டு வர்த்தக ஆணையத்துக்கு 6 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. கண்டுபிடிப்பது கடினமன்று. ஒவ்வொரு மதிப்புரையின் மேலும் எந்த நிறம், எந்த அளவு என்று சிறிய எழுத்தில் இருக்கும். நீங்கள் வாங்கும் 3 லிட்டர் குக்கருக்கு எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பழைய மதிப்புரைகளின் கடைசிப் பக்கத்துக்குப் போனால், இயர்போன் பக்கத்தில் 'குழந்தைக்கு மிகவும் பிடித்தது, மெத்தென்று இருக்கிறது' என்று யாரோ எழுதியிருப்பதையும் காணலாம்.

நிறுவனங்கள் தம் சொந்த இணையதளத்தில் காட்டும் மதிப்புரைகளை நான் சான்றாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஃபேஷன் நோவா என்ற ஆடை நிறுவனம் தன் தளத்தில் நான்கு நட்சத்திரத்துக்குக் குறைவானவற்றை வெளியிடாமல் அடக்கிவைத்தது என்ற குற்றச்சாட்டில் 2022 ஜனவரியில் 42 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பவரும் தீர்ப்பெழுதுபவரும் ஒருவரே ஆகும் இடம் அது.

மதிப்புரை பதில் சொல்ல முடியாத கேள்விகள்

ஒரு குக்கர் வெடிக்குமா என்பதை ஆயிரம் மதிப்புரைகளாலும் சொல்ல முடியாது. வெடிக்காத ஆயிரம் வீடுகளின் சாட்சியம் மட்டுமே அங்கே இருக்கும். பாதுகாப்பு தொடர்பான பொருள்களுக்குத் தர முத்திரையைப் பாருங்கள். வீட்டு உபயோகப் பிரஷர் குக்கருக்கு 2021 பிப்ரவரி முதலும், இரு சக்கர வாகனத் தலைக்கவசத்துக்கு 2021 ஜூன் முதலும் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அப்படியிருந்தும் 2022 ஆகஸ்டில், தரக்கட்டுப்பாட்டு ஆணைக்கு இணங்காத குக்கர்கள் தன் தளத்தில் விற்கப்பட இடம் தந்ததற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, விற்ற 2,265 குக்கர்களையும் திரும்பப் பெறுமாறு ஆணையிட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பிஐஎஸ் கேர் என்ற செயலியைக் கைப்பேசியில் இறக்கி, முத்திரையின் கீழ் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணை இட்டால் அது யாருக்கு, எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்டது என்று தெரியும். பவர் பேங்க், சார்ஜர் போன்றவற்றில் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பார்க்க வேண்டும். உணவுப் பொருளுக்கு, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண்.

சட்டமும் புகாரும்

விற்பவர் தம்மையே வாங்கியவராகக் காட்டிக்கொண்டு மதிப்புரை எழுதுவதை, 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் வெளிப்படையாகவே தடை செய்கின்றன. மதிப்புரைகளைத் திரட்டுவது, சரிபார்ப்பது, வெளியிடுவது ஆகியவற்றுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 19000:2022 என்ற தரநிலையை 2022 நவம்பரில் கொண்டுவந்தது; எழுதுபவர் உண்மையான ஆள்தானா என்று சோதிப்பதைத் தளங்களின் பொறுப்பாக அது வைத்தாலும், நிறுவனங்கள் விரும்பி ஏற்பதாகவே அது அறிமுகமானது. அமெரிக்காவில் போலி மதிப்புரைகளை வாங்குவதும் விற்பதும் 2024 அக்டோபர் முதல் விதியால் தடுக்கப்பட்டு, பிரிட்டனிலும் 2025 ஏப்ரல் முதல் சட்ட விரோதமாகிவிட்டது.

நூறு ரூபாய்ச் சீட்டு உங்களுக்கு வந்தால் அதைப் படமெடுத்து, ஆர்டர் விவரத்தோடு தளத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அனுப்புங்கள். மதிப்புரைக்குப் பணம் தருவதைப் பெரிய தளங்கள் அனுமதிப்பதில்லை. மதிப்புரைகளை நம்பி வாங்கி ஏமாந்து, பணம் திரும்ப வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். பொருளின் பக்கத்தையும் நீங்கள் நம்பிய மதிப்புரைகளையும் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பது நல்லது, ஏனெனில் புகார் போன பிறகு அந்தப் பக்கமே காணாமல் போய்விடக்கூடும். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணமில்லை.

வீட்டிலிருந்தே மதிப்புரை எழுதிச் சம்பாதிக்கலாம் என்று வாட்ஸ்ஆப்பில் வரும் அழைப்பைப் பற்றியும் ஒரு சொல். முதல் இரண்டு மூன்று மதிப்பீடுகளுக்கு நூற்றைம்பது, இருநூறு என்று உண்மையாகவே பணம் அனுப்புவார்கள். பிறகு 'பெரிய டாஸ்க்' செய்ய முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டிய பணம் திரும்பாது. கட்டிவிட்டவர்கள் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

நீங்கள் எழுதும்போது

பொருள் வந்த வாரத்தில் தளம் கேட்கும்போது எழுத வேண்டாம். கைப்பேசி நாட்காட்டியில் ஆறு மாதம் கழித்து ஒரு நினைவூட்டலை வைத்துவிட்டு, அப்போது எழுதுங்கள். எத்தனை பேர் உள்ள வீடு, எத்தனை நாளுக்கு ஒருமுறை பயன்படுத்துகிறீர்கள், எது முதலில் கெட்டது, சர்வீஸுக்கு யார் வந்தார்கள், என்ன செலவானது என்ற ஐந்தும் இருந்தால் போதும். நட்சத்திரம் எத்தனை என்பது அதன் பிறகுதான். அந்த மிக்ஸிக்கு நான் கடைசியில் எழுதியது இவ்வளவே: 'நான்கு பேர் உள்ள வீடு. தினமும் சட்னி, வாரம் இருமுறை இட்லி மாவு. நான்காம் மாதம் கப்ளர் தேய்ந்தது, தெருமுனை மெக்கானிக் 120 ரூபாய்க்கு மாற்றித் தந்தார். சட்னிக்கும் மசாலாவுக்கும் போதும், உளுந்து அரைக்க வாங்காதீர்கள்.' இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்தேன். மறுநாளே விற்பவரிடமிருந்து அழைப்பு வந்தது; அதை ஐந்தாக மாற்றினால் ஐந்நூறு ரூபாய் தருவதாகச் சொன்னார்.